கரப்பான் உள்ள பிள்ளைக்கு ஃபேஸ் பெயிண்ட் போடலாமா? இன்னும் 12 நாள்தான் இருக்கிறது

கொடிமுல்லை:

வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு, வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம் என்று வருவதும் போவதுமாக இருக்கிறது. முகம் மட்டும் ஒரு வருடமாகத் தெளிவு. இன்னும் 12 நாளில் பள்ளியில் மாறுவேடப் போட்டி. புலியாகத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

போன வருடம் பட்டாம்பூச்சி ஆனாள். காலையில் போட்ட வண்ணத்தை மாலையில் துடைத்தெடுத்தோம். அன்று ராத்திரி ஒன்றும் இல்லை. மறுநாளும் விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கடுத்த நாள் காலையில் பார்த்தால் முகமெல்லாம் சிவந்து, பொரிப்பொரியாக எழும்பி, சொறிந்து சொறிந்து நீர் வடிய ஆரம்பித்துவிட்டது. அடங்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பெயிண்ட் பெட்டியை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

இந்த முறை எந்த வகை வாங்கலாம்? இல்லை, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? வீட்டில் "நான்-டாக்ஸிக்" என்று அச்சிட்ட போஸ்டர் கலர் புட்டிகள் இருக்கின்றன. விஷமில்லை என்று போட்டிருக்கிறானே, அதையே பூசினால் என்ன என்கிறார் வீட்டுக்காரர்.

ரெட்டைவால் அப்பா:

அந்தப் பக்கமே போகாதீர்கள். எங்கள் வீட்டு இரட்டையர்களுக்கு நான் செய்த புத்திசாலித்தனம் அது. என் விஷயத்தில் அக்ரிலிக். காய்ந்ததும் முட்டை ஓடு மாதிரி இறுகிவிட்டது. ஒருவன் சிரித்தான், கன்னத்தில் விரிசல் விழுந்தது. இன்னொருவனுக்கு உரித்து எடுத்தபோது புருவத்தில் பாதி கையோடு வந்தது. பள்ளிப் புகைப்படத்தில் அவன் இன்னும் ஒற்றைப் புருவத்தோடுதான் இருக்கிறான்.

தூரிகைக்காரி:

ஒன்பது வருடமாகப் பிள்ளைகள் முகத்தில் வரைகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முல்லை, முதலில் வீட்டுக்காரருக்குப் பதில். "நான்-டாக்ஸிக்" என்றால், படம் வரையும் பொருளாகப் பயன்படுத்தும்போது உடம்புக்குக் கேடில்லை என்று பொருள். புட்டியின் பின்னால் பொடி எழுத்தில் ஏஎஸ்டிஎம் டி-4236 என்று இருக்கிறதா பாருங்கள். அது ஓவியப் பொருட்களுக்கான முத்திரை. எட்டு மணி நேரம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் தோல் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "வாஷபிள்" என்பதும் அப்படித்தான். சட்டையிலிருந்து போகும் என்ற உறுதி அது, தோலைப் பற்றிய பேச்சே இல்லை. ஸ்கெட்ச் பேனா, வாட்டர்கலர் பென்சில் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

முகத்துக்கென்றே விற்பதில் சில வகை உண்டு. ஈர ப்ரஷ்ஷால் தொட்டு எடுக்கிற வட்டக் கேக் ஒன்று. தண்ணீரில் கரையும், தண்ணீரிலேயே போகும். உங்கள் மகளுக்கு அதுதான். எண்ணெயும் மெழுகும் கலந்த கிரீஸ் பெயிண்ட் நாடகக்காரர்களுக்கு நல்லது, வியர்த்தாலும் அசையாது. ஆனால் எடுப்பதற்கு எண்ணெய் தேய்த்துத் துடைக்க வேண்டும், அந்தத் துடைப்பில்தான் கரப்பான் தோல் கிளம்பும். போதாக்குறைக்கு அடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு வேறு. குச்சி மாதிரி வரும் க்ரேயான் மெழுகு வகை, கெட்டியாக இருந்தால் அழுத்தி இழுக்க வேண்டியிருக்கும். ஆல்கஹாலில் கரைத்த பெயிண்ட் பிள்ளைகள் முகத்துக்கு ஆகாது.

அடுத்து மினுமினுப்பு. அட்டையில் ஒட்டுகிற கிளிட்டர் என்பது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளைத் துண்டு துண்டாக வெட்டியது. கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடும். முகத்துக்கான கிளிட்டர் 0.2 மில்லிமீட்டர் அளவுக்குள், இன்னும் பொடியாக இருக்கும். அதுவும் கண் ஓரத்தில் வேண்டாம். கரப்பான் பிள்ளைக்குக் கிளிட்டரே வேண்டாம் என்பது என் கட்சி. உலர்ந்த தோலில் துகள் உரச உரச அரிப்புதான்.

நியான் நிறங்களும் அப்படியே. கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த எந்த ஒளிரும் நிறத்துக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தரவில்லை. இருட்டில் மின்னும் ஜிங்க் சல்ஃபைடுக்கும் எப்போதாவது ஒரு நாள், கண்ணை விட்டுத் தள்ளி என்ற அளவில்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

சந்தேகப் பிராணி:

இவ்வளவு பயந்துகொண்டு எதற்குக் கடைச் சரக்கு? சோள மாவு, ஏதாவது ஒரு க்ரீம், இரண்டு சொட்டு ஃபுட் கலர். வீட்டிலேயே கலக்கிவிடலாம். கெமிக்கல் இல்லை, பாரபென் என்கிற பதப்படுத்தி இல்லை, தொல்லை இல்லை.

குடுவை:

ஒப்பனைப் பொருள் ஆய்வகத்தில் தரச் சோதனையில் இருந்தவன் என்பதால் இதற்கு மட்டும் வாயைத் திறக்கிறேன்.

ஃபுட் கலர் தண்ணீரில் முழுசாகக் கரைகிற சாயம். தோலின் மேல் உட்காராது, உள்ளே இறங்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நிறம் நிற்கும், அதை எடுக்கத் தேய்ப்பீர்கள், தேய்த்தால் புண். முகத்துக்கான கேக்கில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் கரையாத பொடிகள். தோலின் மேலேயே நிற்கும், கழுவினால் போகும்.

க்ரீமும் தண்ணீரும் சேர்த்துக் கலக்கிய மாவில் ஒரே நாளில் கிருமி வளர ஆரம்பிக்கும். காலையில் கலக்கி, மிச்சத்தை மறுநாள் பூசினால் கதை முடிந்தது. சிலர் பாதாம், நிலக்கடலை எண்ணெய் எல்லாம் சேர்க்கச் சொல்கிறார்கள். கரப்பான் உள்ள குழந்தையின் விரிசல் விட்ட தோல் வழியாக அந்த உணவுப் புரதம் உள்ளே போனால், நாளைக்கு அதைச் சாப்பிடும்போது ஒவ்வாமை வரலாம். இயற்கை என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிற வம்பு இது.

பாரபென் பற்றி ஒரு வேடிக்கை. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் வருடா வருடம் ஒரு பொருளை "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவிக்கும். 2019-ல் பாரபென்களை "ஒவ்வாமை தராத பொருள்" என்று அறிவித்தார்கள். தொடுதோல் ஒவ்வாமையைப் பொறுத்தவரை பதப்படுத்திகளில் சாதுவானது அது. அதற்குப் பயந்து கம்பெனிகள் மாற்றிப் போட்ட மெத்தில் ஐசோதயசோலினோன்தான் 2013-ல் அந்தப் பட்டத்தை வாங்கியது.

சந்தேகப் பிராணி:

சரி, வாபஸ். அப்படியென்றால் "ஹைபோஅலர்ஜெனிக்" என்று போட்டதை வாங்கினால் போதுமா?

குடுவை:

போதாது. அந்தச் சொல்லை அச்சடிக்க எந்தச் சோதனையும் செய்து காட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதற்குச் சட்டப்படி வரையறையே கிடையாது. "இயற்கையானது" என்பதும் அப்படியே. "அன்சென்ட்டட்" என்று போட்டிருந்தாலும் வாடையை மறைக்க வேறு வாசனை சேர்த்திருக்கலாம். பொருட்பட்டியலில் பர்ஃபூம், ஃப்ராக்ரன்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பட்டியலே இல்லாத டப்பாவை வாங்கவே கூடாது.

நான் கரப்பான் பிள்ளைக்கு வாங்கினால் தவிர்ப்பவை: வாசனை, லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு), மெத்தில் ஐசோதயசோலினோன், மெத்தில் குளோரோ ஐசோதயசோலினோன், அப்புறம் ஃபார்மால்டிஹைடை மெல்ல மெல்ல விடுகிற டிஎம்டிஎம் ஹைடான்டோயின், குவாட்டர்னியம்-15, இமிடசோலிடினில் யூரியா வகையறா. ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தி இருந்தால் கவலைப்பட மாட்டேன்.

நிறங்களை சிஐ எண்ணில், அதாவது ஒவ்வொரு நிறமிக்கும் பட்டியலில் போடும் குறியீட்டு எண்ணில், கண்டுபிடிக்கலாம். 77891 வெள்ளை, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. 77491, 77492, 77499 இரும்பு ஆக்சைடுகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. புலிக்கு வேண்டிய எல்லாமே இந்த நான்கில் முடிந்துவிடுகிறது, உங்கள் மகள் நல்ல மிருகமாகத்தான் பார்த்திருக்கிறாள். 77288 குரோமியம் ஆக்சைடு பச்சை. 75470 கார்மைன், ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

உலோகம் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2009-ல் அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் அமைப்பு பத்து ஃபேஸ் பெயிண்ட்களைச் சோதித்தது. பத்திலும் ஈயம் இருந்தது. தலைப்புச் செய்தி அதுதான். ஆனால் அளவைப் பார்த்தால் பத்து லட்சத்தில் 0.65 பங்கைத் தாண்டவில்லை. ஈயம் கொஞ்சமும் நல்லதில்லைதான், வருடத்துக்கு ஒரு நாள் பூசுவதை அதோடு சேர்த்து யோசியுங்கள். கரப்பான் தோலுக்கு என்னைக் கவலைப்படுத்துவது அதே சோதனையின் இன்னொரு வரி: பத்தில் ஆறில் நிக்கல், கோபால்ட், குரோமியம் ஏதோ ஒன்று இருந்தது. நிக்கல் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தோடு போட்டாலே காது புண்ணாகும், உங்கள் மகளுக்கு அப்படி உண்டா என்று பாருங்கள்.

அதே 2009-ல் இன்னொரு சம்பவம். பிள்ளைகளுக்குத் தடிப்பும் எரிச்சலும் வருகிறது என்று ஒரு ஃபேஸ் பெயிண்ட்டை அங்கே திரும்பப் பெற்றார்கள். சோதித்துப் பார்த்தால் அதில் கிருமிகள் ஏகத்துக்கு இருந்தன. ஒவ்வாமை என்று நாம் நினைப்பதெல்லாம் ஒவ்வாமையாக இருக்க வேண்டியதில்லை.

வார்டு எண் ஏழு:

தோல் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். எல்லோரும் எதை வாங்குவது என்று பேசுகிறீர்கள். கொடிமுல்லை, நான் கேட்பது வேறு. போன வருடத் தடிப்பு சரியாக எங்கெங்கே இருந்தது? வண்ணம் போட்ட இடத்தில் மட்டுமா? படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? துடைத்தது எதால்?

கொடிமுல்லை:

படம் இருக்கிறது அக்கா, மருத்துவருக்குக் காட்ட எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டாம்பூச்சி கண்ணிலிருந்து கன்ன மேடு வரைதான். தடிப்பு கன்னம் முழுக்க, தாடை, கழுத்தின் முன்பக்கம், காதுக்குக் கீழே வரை இருக்கிறது. வாயைச் சுற்றியும் இருக்கிறது. நெற்றியில் சின்னதாகப் பட்டாம்பூச்சியின் மீசை வரைந்திருந்தோம், அங்கே ஒன்றுமே இல்லை! இத்தனை நாள் இதை நான் கவனிக்கவில்லை.

துடைத்தது குழந்தைகளுக்கான வெட் வைப்ஸால். வழிந்த நிறமெல்லாம் போகட்டும் என்று கழுத்து வரை ஏழெட்டுத் தாள் தேய்த்திருப்பேன். நெற்றியை மட்டும் குளிக்கும்போது அவளே கழுவிக்கொண்டாள்.

வார்டு எண் ஏழு:

பெயிண்ட் படாத கழுத்தில் தடிப்பு, பெயிண்ட் பட்ட நெற்றியில் ஒன்றுமில்லை. தடிப்பு வண்ணத்தின் வரைபடம் இல்லை, நீங்கள் துடைத்த வரைபடம். அந்த வைப்ஸ் பாக்கெட் இன்னும் இருந்தால் பின்பக்கம் படித்துச் சொல்லுங்கள்.

கொடிமுல்லை:

அதே வைப்ஸ்தான் இன்றும் கைப்பையில் இருக்கிறது, தம்பிக்காக. கடைசி வரியில் மெத்தில் ஐசோதயசோலினோன். அதற்கு முன்னால் பர்ஃபூம். கை நடுங்குகிறது. சாப்பிட்டதும் வாய் துடைக்க அவளுக்கும் இதைத்தான் நீட்டுகிறேன். வாயோரம் அடிக்கடி சிவப்பதை எச்சில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வார்டு எண் ஏழு:

பதற வேண்டாம், உங்களை மாதிரி நிறையப் பேர் வருகிறார்கள். 2014-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஆறு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் ஆறாத தடிப்பு. கரப்பான் என்றும் வேறு என்னென்னவோ என்றும் சிகிச்சை நடந்திருக்கிறது. காரணம் வெட் வைப்ஸில் இருந்த இதே பொருள். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் கழுவாமல் தோலிலேயே விடுகிற பொருட்களில் இதைத் தடை செய்துவிட்டது. வைப்ஸும் அந்தக் கணக்கில்தான் வரும், துடைத்த பிறகு நாம் யாரும் கழுவுவதில்லையே.

இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தோல் மருத்துவரிடம் போங்கள், தேவை என்றால் அவரே முறையாக ஒட்டுச் சோதனை (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டி வைத்துச் சில நாள் பார்ப்பது) செய்வார். நீங்களாக அதை மறுபடி தேய்த்துப் பார்க்க வேண்டாம். இன்றிலிருந்து இருவருக்கும் நிறுத்திவிட்டு, ஈரத் துணிக்கு மாறுங்கள்.

ரெட்டைவால் அப்பா:

அப்போ பெயிண்ட் நிரபராதி. வழக்கு முடிந்தது, புலி வரலாம்!

வார்டு எண் ஏழு:

முடியவில்லை தம்பி. போன வருடப் பெட்டி குப்பைக்குப் போய்விட்டது, வரப்போவது புதுப் பெட்டி. சோதித்துத்தான் ஆக வேண்டும்.

ஊஞ்சல்:

சோதனை ரொம்ப எளிது. கையில் ஒரு பொட்டு வைத்து அரை மணி பார்ப்போம், சிவக்காவிட்டால் போட்டுவிடலாம். விழாக்களில் வரைகிறவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள்? அதுவும் போக, போன வருடம் ஒன்றும் ஆகாத பெயிண்ட் இந்த வருடம் என்ன செய்துவிடும்?

வார்டு எண் ஏழு:

இந்த அரை மணிச் சோதனையால் ஏமாந்தவர்கள் ஏராளம். அதில் தெரிவது இரண்டே. உடனே கிளம்பும் எரிச்சல் ஒன்று, சில நிமிடத்தில் எழும்பும் தடிப்பு ஒன்று. தொடுதோல் ஒவ்வாமை அப்படி வராது. ரத்த வெள்ளணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு, ஆள் திரட்டிக்கொண்டு வர ஒரு நாளாவது ஆகும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் முழுசாகத் தெரியும். உங்கள் மகளுக்கும் மூன்றாம் நாள் காலையில்தானே வந்தது, முல்லை? பொட்டு வைத்து அரை மணியில் "ஒன்றுமில்லை" என்று போட்ட பெயிண்ட்டுக்கு விடை தெரிவதற்குள் விழாவே முடிந்திருக்கும்.

போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதும் சான்று இல்லை. முதல் முறை படும்போது உடம்பு அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளத்தான் செய்யும், அதற்கு இரண்டு வாரம் வரை பிடிக்கும். சண்டை அடுத்த முறைதான்.

செய்யும் விதம்: முன்கையின் உள்பக்கம், கரப்பான் இல்லாத தெளிவான இடம். ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் பொட்டு, பத்துப் பைசா அளவு. எந்த நிறம் எங்கே என்று பேனாவால் தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தோலில் எழுத வேண்டாம். அந்த இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள், வருவதை அது மறைத்துவிடும். சில மணி நேரம் விட்டு, அன்று எதால் எடுக்கப் போகிறீர்களோ அதாலேயே கழுவுங்கள். மறுநாளும் அதே இடத்தில் வையுங்கள். உங்களுக்கு நாள் இருக்கிறது, அதனால் ஒரு வாரம் தினமும் வைத்தால் இன்னும் நல்லது. கடைசியாக ஒரு நாள் காதுக்குப் பின்னால், ஏனென்றால் முகத்தோல் கைத்தோலை விட மெல்லியது.

நடுவில் எரிகிறது என்றால் உடனே கழுவிவிட்டு அந்த நிறத்தைத் தூக்கிப்போடுங்கள். உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு இழுத்தால், இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனை.

கொடிமுல்லை:

புது கேக் வந்துவிட்டது. ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு மூன்றும். பட்டியலில் குடுவை அண்ணன் சொன்ன எண்கள்தான், வாசனை இல்லை. கூடவே இலவசமாக ஒரு கிளிட்டர் ஜெல் அனுப்பியிருக்கிறார்கள். அவள் கண்ணில் பட்டுவிட்டது, அதையும் சோதனையில் சேர்க்கச் சொல்லி அழுகை. நாலு பொட்டு வைத்திருக்கிறேன். அவளே தாளில் நாலு வட்டம் வரைந்து "ஆரஞ்சுப்பாப்பா, வெள்ளைப்பாப்பா" என்று பெயர் வைத்துவிட்டாள்.

கொடிமுல்லை:

பத்தே நிமிடம். கிளிட்டர் பாப்பா அரிக்கிறது என்கிறாள், சுற்றிலும் இளஞ்சிவப்பு வளையம். கழுவிவிட்டோம், அரை மணியில் அடங்கியது. கிளிட்டர் அவுட்.

தூரிகைக்காரி:

அவளே அரிக்கிறது என்று சொன்னது நல்லதாகப் போயிற்று, இனி நீங்கள் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

சோதனை ஓடட்டும், நான் புலியைப் பற்றிச் சொல்கிறேன். முழு முகத்தையும் ஆரஞ்சால் மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. புலி நிறத்தில் இல்லை, கோட்டில் இருக்கிறது. நடு நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கன்னத்தின் வெளி ஓரத்திலும் மட்டும் ஆரஞ்சு. புருவத்துக்கு மேலும் மேலுதட்டுக்கு மேலும் வெள்ளை. மற்ற இடம் அவள் தோலே. பாதிக்குப் பாதி தோல் திறந்திருக்கும், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கவே கூடாது. ஒரு ஓரத்தில் இரண்டு முறை ஸ்ப்ரே போதும். கேக்கில் வட்டமாகத் தேய்க்கும்போது நுரை வந்தால் தண்ணீர் அதிகம், முகத்தில் வழிந்து கண்ணுக்குள் போகும். பசை மாதிரி இழுத்தால் சரியான பதம். முகத்தில் ஒற்றி ஒற்றி வையுங்கள், இழுக்காதீர்கள். கோடுகளுக்கு முனை கூரான ப்ரஷ், முகத்தின் ஓரத்திலிருந்து நடு நோக்கி. அழுத்தி ஆரம்பித்துத் தூக்கிக்கொண்டே போனால் முனை தானாகக் கூராகும். இமையையும் கண்ணின் ஈர விளிம்பையும் உதட்டையும் விட்டுவிடுங்கள். உதட்டில் பூசியது எப்படியும் வயிற்றுக்குள்தான் போகும்.

மாய்ஸ்சரைசரை அரை மணி முன்பே தடவி, மிச்சத்தை டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள். உடனே போட்டால் பெயிண்ட் வழுக்கும், போடாமல் விட்டால் தோல் காய்ந்து இழுக்கும்.

இன்னொன்று, பள்ளியில் பொதுவாக ஒருவர் வரிசையில் நிற்க வைத்து எல்லோருக்கும் வரைவதாக இருந்தால், உங்கள் ஸ்பாஞ்ச், ப்ரஷ், கேக் மூன்றையும் கொடுத்தனுப்புங்கள். ஒரே ஸ்பாஞ்ச் முப்பது கன்னத்தில் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்குச் சீழ்க்கொப்பளம் இருந்தால் போதும். கலங்கிய தண்ணீரில் ப்ரஷ்ஷை அலசிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் தயவு தாட்சணியம் இல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஊஞ்சல்:

இதே மாதிரி ஸ்டாலில் கறுப்பு மருதாணி டாட்டூவும் போடுகிறார்களே, அது பரவாயில்லையா? என் மகன் கேட்கிறான்.

குடுவை:

கூடவே கூடாது. மருதாணி கறுப்பாகச் சிவக்காது. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆனால் அதில் தலைமுடிச் சாயத்தில் வரும் பிபிடி கலந்திருக்கிறது. கொப்பளம் கிளம்பி, வரைந்த டிசைன் அப்படியே தழும்பாக நின்றவர்கள் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க முடிச் சாயம் கிட்டே வர முடியாது.

கொடிமுல்லை:

எட்டாம் நாள் நிலவரம். மூன்று பொட்டும் தெளிவு. காதுக்குப் பின்னாலும் ஆரஞ்சு வைத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. மருத்துவரையும் பார்த்தாயிற்று. வைப்ஸ் பாக்கெட்டைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். விழா முடிந்ததும் ஒட்டுச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். வாயோரச் சிவப்பு இப்போதே பாதி குறைந்திருக்கிறது.

எடுப்பது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள். போன முறை அதில்தானே கோட்டை விட்டேன்.

வார்டு எண் ஏழு:

வீட்டுக்கு வந்ததும், ராத்திரி வரை இழுக்காமல் எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்து, அவளுக்கு வழக்கமாக ஒத்துக்கொள்ளும் வாசனையில்லாத சோப்பைக் கையில் குழைத்து, விரல் நுனியால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு நிமிடம் விடுங்கள், தானாகக் கரையும். வழித்தெடுக்காமல் ஊற்றிக் கழுவுங்கள். துண்டால் ஒற்றியதும், ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர்.

கோட்டு ஓரத்தில் லேசாக நிறம் நின்றால் விட்டுவிடுங்கள். அடுத்த குளியலில் போய்விடும். அந்தக் கடைசிச் சாயலை எடுக்கப் போய்த்தான் பலர் தோலைக் கிழிக்கிறார்கள். இன்னொன்று, நிறத்தையே தடிப்பு என்று நினைத்து ராத்திரி பதினொரு மணிக்கு வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவந்தால் தடிப்பு, அப்படியே நின்றால் சாயம்.

கொடிமுல்லை:

விழா முடிந்து மூன்றாம் நாள் காலை இது. விளக்கடியில் உட்கார வைத்துப் பார்த்தேன், வீட்டுக்காரரையும் பார்க்கச் சொன்னேன். தெளிவு! கழுத்திலும் ஒன்றுமில்லை. மொத்தம் மூன்றரை மணி நேரம் போட்டிருந்தாள். தூரிகைக்காரி அக்கா சொன்னபடி கோடுகள்தான் புலியைக் காப்பாற்றின. ஆரஞ்சு கொஞ்சம்தான் இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. மூக்கு நுனியில் மட்டும் கறுப்பு இரண்டு நாள் நின்றது. அழுத்திப் பார்த்தேன், சாயம்தான்.

பரிசு கிடைக்கவில்லை, முதல் பரிசு ஒரு தபால் பெட்டிக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை, தபால் பெட்டியால் உட்கார முடியவில்லை என்பதில் சந்தோஷம்.

மிச்சமிருக்கும் கேக்கை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

தூரிகைக்காரி:

டப்பாவின் அடியில் மூடி திறந்த ஜாடி மாதிரி ஒரு படமும் அதில் 12எம் போன்ற எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான். இப்போதே மூடியைத் திறந்து போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். வாடை மாறினாலோ மேலே புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் குப்பைக்கு அனுப்புங்கள். ஸ்பாஞ்சை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வார்டு எண் ஏழு:

அடுத்த வருடம் அதே கேக்காக இருந்தாலும் பொட்டுச் சோதனை மறுபடி முதலிலிருந்து. காரணம் மேலே ஊஞ்சலுக்கு எழுதியதுதான்.

கொடிமுல்லை:

சரி அக்கா. ஆனால் அந்த மூன்று நிறம் அவளுக்கு இனி போதாது. நேற்றே அறிவித்துவிட்டாள், அடுத்தது மயில். நீலமும் பச்சையும் வாங்க வேண்டுமாம். சமையலறைச் சுவரில் தாள் ஒட்டி இரண்டு வட்டம் வரைந்து வைத்திருக்கிறாள், பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை.